பாதுகாப்பு பட்ஜெட், ஆயுதக் கட்டுப்பாடு ஆராய்ச்சி: இதை ஒரு வேலையா எடுத்துக்க முடியுமா?

பட்டாபிராம்_லோக்கல் கேட்டது:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிங்க.

நான் எம்.ஏ. எக்கனாமிக்ஸ் முடிச்சிட்டு அம்பத்தூர்ல ஒரு பேங்க்கோட பேக் ஆபீஸ்ல டேட்டா அனலிஸ்டா இருக்கேன். எக்செல், எஸ்க்யூஎல் நல்லா வரும், பைத்தான் சமாளிப்பேன். வேலை மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா யார் கிரெடிட் கார்டு பில் கட்டல, ஏன் கட்டலன்னு பாத்துட்டே ரிட்டையர் ஆகணுமான்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரி. அதனால பட்ஜெட் அன்னைக்கு மத்த வீட்ல இன்கம் டாக்ஸ் ஸ்லாப் பாப்பாங்க, எங்க வீட்ல டிஃபென்ஸுக்கு எவ்ளோன்னுதான் முதல் கேள்வி. அப்படித்தான் எனக்கு இந்தக் கிறுக்கு புடிச்சது. 2024-25 பட்ஜெட்ல பாதுகாப்புக்குப் போட்டது 6.21 லட்சம் கோடி. டாலருக்கு 83, 84 ரூபாய்னு வெச்சா 74 பில்லியன் வருது. ஆனா ஸ்டாக்ஹோம்ல இருக்குற சிப்ரிங்குற ஆராய்ச்சி நிறுவனம், 2024ல இந்தியா செலவு பண்ணது 86.1 பில்லியன், உலகத்துல அஞ்சாவது இடம்னு போட்டிருக்காங்க. நடுவுல 12 பில்லியன் டாலர், அதாவது சுமாரா ஒரு லட்சம் கோடி ரூபா, எங்கருந்து குதிச்சது? இதை நோண்டிட்டு இருக்கும்போதுதான் இப்படி நோண்டுறதையே வேலையா பாக்குற ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சது, ராணுவச் செலவு ஆய்வாளர், ஆயுதக் கட்டுப்பாடு கொள்கை ஆய்வாளர்னு என்னென்னமோ பேர் சொல்றாங்க.

நிஜமாவே இது ஒரு வேலையா, இல்ல ரிட்டையர்டு ஆபீசருங்க பொழுதுபோக்கா? இன்னொரு டிகிரி வேணுமா? சோறு போடுமா? டெல்லிக்குப் போகாம முடியாதா? அம்மா "பேசாம பேங்க் எக்ஸாம் எழுதுடி"ங்குறாங்க. இந்த ஃபீல்டுல யாராச்சும் இருந்தா சொல்லுங்க, "மனசு சொல்றதைக் கேளுங்க" டைப் பதில் மட்டும் வேண்டாம் ப்ளீஸ்.

முனிர்கா_மொட்டைமாடி:

ஜேஎன்யூல படிச்சு, டெல்லில ஒரு திங்க் டேங்க்ல பல வருஷம் பாதுகாப்பு பட்ஜெட் பாத்துட்டு இப்போ வெளிய வந்துட்டேன், அதனால கொஞ்சம் ஃப்ரீயா பேசலாம்.

முதல்ல உங்க 12 பில்லியனை முடிச்சிருவோம். சிப்ரி எண்ணுறதும் நம்ம நிதி அமைச்சர் வாசிக்கிறதும் ஒரே கணக்கு கிடையாது. அவங்க டேட்டாபேஸ்ல இந்தியாவுக்கு ஒரு குட்டி ஃபுட்நோட் இருக்கும், பாதிப் பேர் ஸ்க்ரோல் பண்ணிப் போயிடுவாங்க. பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப், அசாம் ரைஃபிள்ஸ், ஐடிபிபி, 2007ல இருந்து எஸ்எஸ்பி, இந்த அஞ்சு துணை ராணுவப் படைங்களோட செலவைச் சேத்துருக்கோம், ராணுவத்துக்கான அணுசக்திச் செலவைச் சேக்கலன்னு அதுல இருக்கும். இந்தப் படைங்கெல்லாம் ஓடுறது உள்துறை அமைச்சகத்துக் காசுல. உள்துறையோட போலீஸ் டிமாண்டை, அதாவது பட்ஜெட்ல வர்ற மானியக் கோரிக்கைப் பேப்பரைத் திறந்து இந்த அஞ்சையும் கூட்டிப் பாருங்க, உங்க இடைவெளில பெரும்பகுதி அங்கயே அடைஞ்சிரும். மிச்சத்துக்குக் காரணம் காலண்டர். அவங்களுக்கு ஜனவரி டு டிசம்பர், நமக்கு ஏப்ரல் டு மார்ச், அதனால 2024ன்னா 2023-24ல கால் பங்கு, 2024-25ல முக்கால் பங்குன்னு பிரிச்சுப் போடுவாங்க. அது போதாதுன்னு பட்ஜெட் அன்னைக்கு வாசிக்கிற எண் ஒண்ணு, அடுத்த வருஷம் திருத்தி வர்ற எண் ஒண்ணு, அதுக்கும் அடுத்த வருஷம் நிஜமா செலவானதுன்னு வர்ற எண் ஒண்ணு. நீங்க எடுத்தது முதல் எண்.

வேலை சத்தியமா இதுதாங்க. ஜெனீவா மாநாடு, கோட்டு சூட்டு எல்லாம் போட்டோல வரும், மத்த நாள் பூரா எது கணக்குல வந்திருக்கு எது வரலன்னு பாத்துட்டு உக்காந்திருக்கணும். இந்த வருஷத்து பேப்பர்ல என்ன தலைப்பு வந்துச்சுன்னு யாருக்கு வேணா தெரியும், ஃபுட்நோட் படிக்கிற ஆள்தான் கம்மி.

வருஷம் எப்படி ஓடும்னா, பிப்ரவரி 1 மத்தியானம் டிமாண்ட் பேப்பர் வெப்சைட்ல ஏறும். பாதுகாப்புக்கு நாலு டிமாண்ட், 19ல இருந்து 22 வரைக்கும். 2025-26ல மொத்தம் 6.81 லட்சம் கோடி, அதுல ஆயுதம், கப்பல், விமானம், கட்டுமானம்னு போற கேபிடல் 1.80 லட்சம் கோடி, பென்ஷன் மட்டுமே 1.60 லட்சம் கோடிக்கு மேல. டிவில "வரலாறு காணாத ஒதுக்கீடு"ன்னு கத்திட்டு இருக்கும்போது நீங்க அந்த கேபிடல் செலவுக்கான கணக்குத் தலைப்பு, மேஜர் ஹெட் 4076ஐத் திறந்து விமானத்துக்கு எவ்ளோ, கடற்படைக் கப்பலுக்கு எவ்ளோ, போன வருஷம் போட்டதுல எவ்ளோ செலவாகாம திரும்பிப் போச்சுன்னு பாக்கணும். அந்த 1.80ம் புதுசா வாங்குறதுக்கு இல்ல, பெரும்பகுதி பழைய ஒப்பந்தத்துக்கான தவணை. 2016ல 36 ரஃபேலுக்குக் கையெழுத்துப் போட்டா அந்தக் காசு அடுத்த பல பட்ஜெட்டுக்குப் போயிட்டே இருக்கும். அப்புறம் பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை வரும், அதுதான் தங்கச் சுரங்கம், ராணுவம் இவ்ளோ கேட்டுச்சு, இவ்ளோதான் கெடச்சுதுன்னு டேபிள் போட்டே குடுத்துருப்பாங்க. அரசுக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜி அறிக்கை வந்தா அதையும் படிக்கணும். எல்லாம் பப்ளிக்கா கெடைக்குற பேப்பர்தான், ரகசியம் ஒண்ணும் இல்ல. ரகசியம் தெரியும்னு பீத்திக்கிறவங்ககிட்ட இருந்து தள்ளி இருங்க.

ரிட்டையர்டு ஆபீசருங்க பொழுதுபோக்கான்னு கேட்டீங்க. ஓரளவு உண்மை. மீட்டிங்னா சுத்தி ஜெனரல் சார், அட்மிரல் சார், நடுவுல நீங்க, அதுவும் பொண்ணுன்னா முதல் ஒரு வருஷம் "எந்த ஆபீசரோட டாட்டர்?"னு கேப்பாங்க. ஆனா அவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு படை நகர்த்தத் தெரியும், பட்ஜெட் பேப்பர் படிக்க வராது. அந்த இடம் காலியாதான் கெடக்கு. இந்த ஃபீல்டை நம்ம நாட்ல உருவாக்குன ஆள் யார்னு பாத்தா திருச்சில பொறந்த கே. சுப்ரமணியம், மெட்ராஸ் பிரசிடென்சில கெமிஸ்ட்ரி படிச்சிட்டு ஐஏஎஸ் ஆனவர். 1965ல டெல்லில ஆரம்பிச்ச ஐடிஎஸ்ஏங்குற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ரெண்டு தடவை டைரக்டர், கார்கில் ரிவ்யூ கமிட்டிக்குத் தலைவர். யூனிஃபார்ம் போட்டதே இல்ல.

சம்பளம்னா, ஆரம்பத்துல இப்ப நீங்க வாங்குறதை விடக் கொறையத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. பெரும்பாலும் காண்ட்ராக்ட், ரெண்டு வருஷம், மூணு வருஷம், புதுப்பிச்சா உண்டு. வெளிநாட்டு நிதியை நம்பி இருக்குற இடம்னா இன்னும் ஆட்டம், டெல்லில சிபிஆர் மாதிரி பேர் பெத்த கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்துக்கே 2023ல வெளிநாட்டுக் காசு வாங்குறதுக்கான எஃப்சிஆர்ஏ லைசன்ஸ் சஸ்பெண்ட் ஆகி 2024 ஜனவரில ரத்தே ஆயிருச்சு, அங்க இருந்த நிறைய பேர் வேற வேலை தேட வேண்டியதாச்சு. இன்னொரு விஷயம், சேர்றதுக்கு முன்னாடி அந்த இடத்தோட ஆண்டறிக்கையைத் திறந்து யார் யார் காசு குடுத்துருக்காங்கன்னு பாருங்க. ஆயுதக் கம்பெனி காசுல ஓடுற இடத்துல உக்காந்து "இந்த ஆயுதம் நமக்குத் தேவையா"ன்னு எழுத வராது, யாரும் வாயைப் பொத்த மாட்டாங்க, நீங்களே பொத்திப்பீங்க.

ரியாலிட்டி_செக்:

சிஸ்டர், மேல சொன்னவர் அழகா சொல்லிட்டார், நான் நேரா சொல்றேன், வேண்டாம். ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்டுக்கு டெல்லில வாடகை குடுத்துட்டு, புகையைக் குடிச்சிட்டு, யாரும் படிக்காத பேப்பர் எழுதணுமா. யுபிஎஸ்சி எழுதுங்க, உள்ள போயி அந்த ஃபைலையே நேரா பாருங்க. வெளிய நின்னு எட்டிப் பாக்குறதுக்கு எதுக்கு இவ்ளோ கஷ்டம்.

கணக்குப்பிள்ளை:

ரியாலிட்டி_செக், யுபிஎஸ்சி என்ன கேட்டதும் கெடைக்குற டோக்கனா 😀 ஆனா அவர் சொன்னதுல ஒரு உருப்படியான வழி இருக்கு, யாரும் கண்டுக்க மாட்டேங்குறாங்க. சிவில் சர்வீசஸ் வழியா ஐடிஏஎஸ்னு ஒரு சர்வீஸ் உண்டு, இந்தியன் டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ் சர்வீஸ். படைகளோட சம்பளம், பில், பென்ஷன், கணக்குத் தணிக்கை எல்லாம் அவங்க கை வழியாத்தான் போகும். லிஸ்ட்ல ஐஏஎஸ், ஐபிஎஸ் கெடைக்காதவங்க முகத்தைச் சுளிச்சிட்டு எடுக்குற சர்வீஸ்னு ஒரு பேச்சு, ஆனா பாதுகாப்பு பட்ஜெட் பத்தி உருப்படியா எழுதுன சில பேர் அங்க இருந்து ரிட்டையர் ஆனவங்கதான். என்ன, பதவில இருக்குற வரைக்கும் வாயைத் திறக்க முடியாது. இருபத்தஞ்சு வயசுல எழுதணும்னு ஆசைப்படுறவங்களை அறுபது வயசு வரைக்கும் காத்திருன்னு சொல்றதும் ஒரு மாதிரிதான் இருக்கு.

சோல்னா_குளிர்:

நான் யாழ்ப்பாணம், இப்ப சுவீடனில. உப்சாலாவில சமாதான, முரண்பாட்டு ஆய்வு படிச்சனான், அதால இந்தப் பக்கத்துக் கதை கொஞ்சம் சொல்லலாம்.

சிப்ரி எண்டா பெரிய கோட்டை மாதிரி ஆக்கள் நினைக்கினம். ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில சோல்னாவில இருக்கிற ஒரு சாதாரண ஆராய்ச்சி நிறுவனம்தான். சுவீடன் 150 வருசம் யுத்தமில்லாம இருந்ததை நினைச்சு 1966ல தொடங்கினது, முதல் ஆளுகைக் குழுவுக்குத் தலைவி அல்வா மிர்தால், அவவுக்குத்தான் பிறகு 1982ல சமாதானத்துக்கான நோபல் பகிர்ந்து கிடைச்சது. அங்க ராணுவச் செலவுக்கு ஒரு சின்னக் குழு, ஆயுதப் பரிமாற்றத்துக்கு ஒரு சின்னக் குழு. உலகத்தில இருக்கிற அத்தினை நாட்டு வரவுசெலவுத் திட்டத்தையும் தேடி எடுத்து வாசிக்க வேணும், அதால மொழி தெரிஞ்ச ஆக்களுக்கு நல்ல மதிப்பு. அரபு, சீனம், ரஷ்யன், ஸ்பானிஷ், இதில ஏதாவது ஒண்டு வாசிக்கிற அளவுக்கு வந்தா உங்கட பைத்தானை விட அது கூட உதவும்.

தங்கச்சி, நீங்கள் அந்த ஆயுதப் பரிமாற்ற டேட்டாபேஸையும் ஒருக்காப் பாருங்கோ, ஆனா அதில வாற எண்ணைக் கண்டவுடன டாலர் எண்டு எடுத்திடாதேங்கோ. அது டிஐவி எண்ட அவையின்ர சொந்த அலகு. ஒரு நாட்டுக்கு எவ்வளவு ராணுவ பலம் போய்ச் சேர்ந்தது எண்டதைத்தான் அளக்குது, எவ்வளவு காசு கைமாறினது எண்டதை இல்லை. அன்பளிப்பாக் குடுத்த டாங்கியும் அதில வரும். "இந்தியா வாங்கிற ஆயுதத்தில ரஷ்யாவின்ர பங்கு 2010-14ல 72 வீதம், 2015-19ல 55, 2020-24ல 36" எண்டு செய்தியில வாறதெல்லாம் இந்த அலகிலதான். அஞ்சு வருசம் அஞ்சு வருசமாக் கூட்டுறதுக்கும் காரணம் இருக்கு, ஒரு கப்பல் வந்து சேர்ந்த வருசம் எண் துள்ளும், அடுத்த வருசம் விழும், தனி வருசத்தை வச்சு ஒண்டும் சொல்லேலாது.

எங்கட நாட்டுக் கணக்கிலயும் இப்பிடி ஒரு கூத்து இருந்தது. யுத்தம் முடிஞ்ச பிறகு பாதுகாப்பு அமைச்சோட நகர அபிவிருத்தியையும் சேர்த்து ஒரே அமைச்சாக்கி வச்சிருந்தவை, 2015 வரைக்கும். கொழும்பில நடைபாதை போட்டு மரம் நட்ட காசும் அந்த அமைச்சின்ர பேரிலதான் வரும். அமைச்சின்ர மொத்தத்தை அப்பிடியே எடுத்து "ராணுவச் செலவு கூடிப்போச்சு" எண்டு எழுதினாலும் பிழை, "அது பார்க் கட்டின காசு" எண்டு முழுசாத் தள்ளினாலும் பிழை. வரி வரியாப் பிரிக்க வேணும்.

படிப்புக்கு வாறதெண்டா ரோட்டரி சமாதான ஃபெல்லோஷிப் பாருங்கோ, உப்சாலாவிலயும் அவையின்ர மையம் இருக்கு, முழுச் செலவும் தருவினம், ஆனா மாஸ்டர்ஸுக்கு வேலை அனுபவம் கேப்பினம், அதால இப்ப பாக்கிற வேலையை அவசரப்பட்டு விடாதேங்கோ. இன்னுமொண்டு, எங்கட பக்கத்தில இருந்து இந்தத் துறையில உச்சத்துக்குப் போனவர் ஜயந்த தனபால, 1995ல அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையறை இல்லாம நீடிச்ச மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர், பிறகு ஐநாவில ஆயுதக் களைவுக்குப் பொறுப்பா இருந்தவர். சின்ன நாட்டு ஆள் எண்டதே அவருக்கு அங்க பலமா இருந்தது எண்டுதான் நான் நினைக்கிறன்.

கல்பாக்கம்_காத்து:

எல்லாரும் பட்ஜெட் பத்தியே பேசிட்டீங்க, ஆயுதக் கட்டுப்பாடு கேள்வி அப்படியே நிக்குது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுதான், ஆனா உள்ள ஆளுங்க வேற. அந்தப் பக்கம் பொருளாதாரம், இந்தப் பக்கம் ஃபிசிக்ஸ், இன்ஜினியரிங், சட்டம், ராஜதந்திரம். ஜேஎன்யூல ஃபிசிக்ஸ் பேராசிரியரா இருந்த ஆர். ராஜாராமன் அசல்ல ஃபீல்டு தியரி ஆள், அப்புறம்தான் அணுகுண்டுக்கான யுரேனியம், புளூட்டோனியம் எவ்ளோ இருக்குன்னு கணக்குப் பாக்குற சர்வதேசக் குழுவுக்கு கோ-சேர் ஆனார்.

உண்மையைச் சொன்னா இப்ப நேரம் சரியில்ல. 1987ல ரீகனும் கோர்பசேவும் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கப் போட்ட ஐஎன்எஃப் ஒப்பந்தம் 2019 ஆகஸ்ட்ல செத்துப்போச்சு. அமெரிக்கா, ரஷ்யா அணு ஆயுத எண்ணிக்கைக்கு வரம்பு போட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்துக்கு எழுதி வெச்ச காலமே 2026 பிப்ரவரி 5 வரைக்கும்தான். 2023ல ரஷ்யா அணு சோதனைத் தடை ஒப்பந்தமான சிடிபிடிக்குக் குடுத்த ஒப்புதலை வாபஸ் வாங்குச்சு. 2025ல பின்லாந்து, போலந்து, மூணு பால்டிக் நாடுங்க எல்லாம் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்துல இருந்து வெளிய போறோம்னுட்டாங்க. காசும் அப்படித்தான், அமெரிக்கால இந்த ஆராய்ச்சிக்கு அள்ளிக் குடுத்துட்டு இருந்த மெக்ஆர்தர் ஃபவுண்டேஷன் இந்தப் பக்கத்தையே மூடுறோம்னு 2021ல அறிவிச்சுது, அதுல இருந்து ஒவ்வொரு இடத்துலயும் பெல்ட்டை இறுக்கிட்டு இருக்காங்க.

அப்போ வேலையே இல்லையான்னா இருக்கு, வேலையோட தன்மை மாறிப்போச்சு. ஒப்பந்தம் இருந்தப்போ அமெரிக்கா, ரஷ்யா இன்ஸ்பெக்டருங்க மாத்தி மாத்திப் போயி எண்ணிட்டு வருவாங்க. இப்போ எண்ணுறது வெளிய இருக்குற ஆளுங்க. 2021ல சீனாவுல யுமென் பக்கத்துப் பாலைவனத்துல சுமார் 120 மிசைல் குழி தோண்டுறாங்கன்னு கண்டுபுடிச்சு வெளிய சொன்னது சிஐஏ இல்ல, கலிபோர்னியால மிடில்பரி இன்ஸ்டிட்யூட் ஆராய்ச்சியாளருங்க, காசு குடுத்தா யாருக்கும் கெடைக்குற சேட்டிலைட் படத்தை வெச்சு. குழிங்க மேல காத்து அடிச்ச பலூன் மாதிரி ஒரு வெள்ளை மூடி, பழைய சீன மிசைல் பயிற்சித் தளத்துல அதே மூடியை ஏற்கனவே பாத்திருந்ததால அடையாளம் தெரிஞ்சது. அது வெளிய வந்து ஒரு மாசத்துக்குள்ளயே அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்புல இருந்து ஹாமி பக்கத்துல இன்னொரு வயல் கண்டுபுடிச்சாங்க, அங்க சுமார் 110. சில பேர் காத்தாலைக்கு அஸ்திவாரம்னு கிண்டல் கூட பண்ணாங்க, அப்புறம் பென்டகன் அறிக்கையிலயே வந்துருச்சு.

சேட்டிலைட் படம் படிக்கிறது, ஜிஐஎஸ், டேட்டா, இதெல்லாம் கத்துக்கலாம், உங்க பேக்கிரவுண்டுக்கு எட்டாத விஷயம் இல்ல. பொண்ணுங்களுக்குன்னு சர்வதேச அணுசக்தி முகமையான ஐஏஇஏல மரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி ஃபெல்லோஷிப் இருக்கு, 2020ல ஆரம்பிச்சாங்க, அணு ஆயுதப் பரவல் தடுப்பு மாஸ்டர்ஸுக்கும் குடுக்குறாங்க. வியன்னால அந்த சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கான அமைப்பு சிடிபிடிஓ இருக்குன்னு யாராவது சொன்னா அப்ளை பண்றதுக்கு முன்னாடி குடியுரிமை நிபந்தனையைப் படிங்க, இந்தியா அந்த ஒப்பந்தத்துல கையெழுத்தே போடல. மேல எழுதுன யாழ்ப்பாண அண்ணனுக்கு அந்தப் பிரச்சினை இல்ல, இலங்கை 1996லயே கையெழுத்து, 2023ல ஒப்புதலும் குடுத்துட்டாங்க.

ஓசூர்_ரோடு:

காசும் வேணும் ஆயுதக் கட்டுப்பாடும் வேணும்னா யாரும் சொல்லாத ஒரு கதவு இருக்கு. ஏற்றுமதிக் கட்டுப்பாடு. நான் அதுலதான் இருக்கேன், தனியார் கம்பெனி. ஸ்கோமெட்னு ஒரு பட்டியல் இருக்கு, ஆயுதம் செய்யவும் சாதாரண வேலைக்கும் ரெண்டுக்கும் பயன்படுற கெமிக்கல், மெஷின், மென்பொருள் எல்லாம் அதுல வரும், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் டிஜிஎஃப்டி அனுமதி இல்லாம வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இந்தியா 2016ல எம்டிசிஆர், 2017ல வாசனார், 2018ல ஆஸ்திரேலியா குரூப்னு சர்வதேச ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுக்கள்ல வரிசையா சேந்ததுல இருந்து இந்தப் பட்டியல் பெருத்துட்டே போகுது. கோயம்புத்தூர்ல வால்வு செய்றவருக்கு அவர் வால்வு கெமிக்கல் ஆயுதப் பட்டியல்ல வரலாம்னே தெரியாது, எந்த உலோகத்துல செஞ்சது, உள்ள என்ன பூச்சு, எந்த சைஸ்னு பாத்துத்தான் சொல்லணும். யாரு வாங்குறாங்க, எதுக்கு வாங்குறாங்க, வாங்கிட்டு யாருக்குத் தள்ளி விடுவாங்கன்னு பாக்குறதுதான் என் வேலை. மாநாட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க, பேர் எங்கயும் வராது, சம்பளம் ஒழுங்கா முதல் தேதி வரும். டேட்டா தெரிஞ்ச ஆளு கெடைச்சா விட மாட்டாங்க.

பட்டாபிராம்_லோக்கல்:

அய்யோ இவ்ளோ பதில் வரும்னு நெனைக்கவே இல்ல, எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து உள்துறை டிமாண்டைத் திறந்து அந்த அஞ்சு படையையும் கூட்டுனேன், 80 ஆயிரம் கோடிக்கு மேல வருது, முனிர்கா அண்ணா சொன்ன மாதிரியே பெரும்பகுதி அடைஞ்சிருச்சு. அந்தக் கால் பங்கு முக்கால் பங்கு கணக்கை இன்னும் போடல.

ரெண்டு விஷயம் கேக்கணும். ஒண்ணு, சென்னைலயே இருந்துட்டு ஆரம்பிக்க முடியுமா, சேப்பாக்கத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டில டிஃபென்ஸ் ஸ்டடீஸ் துறை இருக்கே அதுல இன்னொரு எம்.ஏ. பண்ணணுமா. இன்னொண்ணு கொஞ்சம் சங்கடமான கேள்வி. எங்கப்பா டாங்க் செய்றார், நாங்க சாப்பிட்டது, நான் படிச்சது எல்லாம் அந்தக் காசுல. நான் போயி ராணுவச் செலவு ஜாஸ்தி, ஆயுதம் கொறையணும்னு எழுதுனா வீட்ல எப்படி எடுத்துப்பாங்கன்னு தெரியல. அப்பாகிட்ட சொன்னேன், "முதல்ல எங்க ஃபேக்டரிக்கு ஆர்டர் எவ்ளோ வருதுன்னு கண்டுபுடிச்சு சொல்லு, மத்தது அப்புறம்"னு சிரிக்கிறார்.

முனிர்கா_மொட்டைமாடி:

உங்கப்பா சரியான இடத்துல கை வெச்சிருக்கார், அதையே முதல் கட்டுரையா எடுங்க, கிண்டலுக்குச் சொல்லல.

ஏன்னா, 2021 அக்டோபர் 1 வரைக்கும் ராணுவத்துக்கு ஆயுதம், தளவாடம் செய்ற ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரிங்க எல்லாம் அரசாங்கத் துறை, பட்ஜெட்ல மேஜர் ஹெட் 2079ன்னு தனியா ஒரு வரி இருக்கும். அன்னைல இருந்து ஏழு கம்பெனியாப் பிரிச்சிட்டாங்க, ஆவடி டாங்க் ஃபேக்டரி அதுல ஏவிஎன்எல்ங்குற கம்பெனி கீழ போச்சு. இப்போ அந்தக் காசு ராணுவத்தோட கொள்முதல் கணக்குக்குள்ள கலந்து வருது, கம்பெனியோட ஆண்டறிக்கை வேற தனியா. 2019-20ஐயும் 2023-24ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு "இந்தச் செலவு கொறைஞ்சிருக்கு, அது கூடியிருக்கு"ன்னு எழுதுற கட்டுரைல பாதி இந்த மாத்தத்தைக் கவனிக்காம எழுதுனதுதான். டெல்லில உக்காந்திருக்குறவனுக்கு ஃபேக்டரி உள்ள என்ன மாறுச்சுன்னு தெரியாது, உங்க வீட்ல டெய்லி சாப்பாட்டு நேரத்துல பேசுறாங்க. ஆனா அப்பா சொல்றதை எழுதாதீங்க, அவர் வேலைக்குச் சிக்கல் வரும். பப்ளிஷ் ஆன பேப்பர்ல இருக்குறதை மட்டும் எழுதுங்க, எங்க பாக்கணும்னு வேணா அவர் பேச்சுல இருந்து புரிஞ்சிக்கலாம்.

சங்கடத்தைப் பத்தி. இந்த வேலைல இருக்குறவங்க எல்லாரும் ஆயுதமே வேண்டாம்ங்குற ஆளுங்க கிடையாது. நான் பாத்ததுல ராணுவம் இன்னும் பலமா இருக்கணும், அதனாலதான் காசு வீணாகக் கூடாதுன்னு எழுதுறவங்க இருக்காங்க, செலவே கொறையணும்னு எழுதுறவங்களும் இருக்காங்க, ரெண்டு பேரும் ஒரே டேபிளைத்தான் பாக்குறாங்க. டேபிள் தப்பா இருந்தா ரெண்டு பேரும் காலி. உங்க நிலைப்பாடு எதுன்னு முதல் நாளே முடிவு பண்ணணும்னு அவசியமில்ல. நான் உள்ள போனப்போ இருந்த நிலைப்பாடு இப்ப எனக்கு இல்ல, 2020ல சீனாவோட நடந்த கல்வான் மோதலுக்கு அப்புறம் நிறைய பேருக்கு மாறுச்சு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.

இன்னொரு எம்.ஏ. என்னைக் கேட்டா வேண்டாம். எக்கனாமிக்ஸ் கையில இருக்கு, அதுவே இங்க அபூர்வம். சேப்பாக்கத்துல நடக்குற கருத்தரங்கு, பொதுக் கூட்டத்துக்குப் போங்க, ஆளுங்களைத் தெரிஞ்சிக்கோங்க. நாடாளுமன்ற வேலைகளை ஆராய்ற பிஆர்எஸ் நிறுவனம் வருஷா வருஷம் பாதுகாப்பு டிமாண்டை அலசி ஒரு குறிப்பு போடுவாங்க, அதை முன்மாதிரியா வெச்சு ஒண்ணு எழுதிப் பாருங்க. அவங்க லேம்ப் ஃபெல்லோஷிப்ல எம்.பி. ஒருத்தரோட வேலை செய்யலாம், வயசு வரம்பு இருக்கு, அதைப் பாத்துக்கோங்க. பெங்களூர்ல தக்ஷசிலா, நியாஸ்னு ரெண்டு ஆராய்ச்சி நிறுவனங்க இருக்கு, டெல்லியை விட்டா ஊரே இல்லன்னு இல்ல. பிஹெச்டி அப்புறம் யோசிக்கலாம், யாராவது காசு குடுத்தா மட்டும்.

ரியாலிட்டி_செக்:

சரி சரி, நான் யுபிஎஸ்சிய வாபஸ் வாங்கிக்கிறேன், ஆனா பேங்க் வேலையை விடாதீங்கன்னுதான் சொல்லுவேன், அதை யாருமே மறுக்கல பாருங்க.

பட்டாபிராம்_லோக்கல்:

விடல சார், அம்மாகிட்ட உங்க கமெண்டைத்தான் காட்டிருக்கேன் 😀 முனிர்கா அண்ணா, 2079 வரியை 2015-16ல இருந்து எடுத்து ஒரு ஷீட் போட ஆரம்பிச்சிருக்கேன். 2021-22 வரிசைல என்ன போடுறதுன்னு தெரியல, பாதி வருஷம் பழைய முறை, பாதி வருஷம் புது முறைல வருமே?

முனிர்கா_மொட்டைமாடி:

அந்த வருஷத்தை ஒரே வரியா வெக்காதீங்க, செப்டம்பர் வரைக்கும் ஒண்ணு, அக்டோபர்ல இருந்து ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிங்க, ரெண்டையும் கூட்டவும் வேண்டாம். பிரிக்கிறதுக்கு எண் கெடைக்கலன்னா அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டு ஏன் காலின்னு கீழ எழுதுங்க. அப்புறம் பட்ஜெட்ல வாசிச்ச எண்ணை எடுக்காம நிஜமா செலவான எண்ணை எடுங்க, அது ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற பேப்பர்ல இருக்கும், அதாவது 2021-22க்கு 2023-24 பேப்பரைத் திறக்கணும். ஷீட் ரெடியானதும் இங்கயே லிங்க் போடுங்க, கணக்குப்பிள்ளையும் பாக்கட்டும்.